சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்

பெங்களூரில் பழைய சென்னைச் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலை ஒன்று உண்டு. பையப்பனஹள்ளிப் பக்கத்தில் தொடங்கி, புதிய திப்பசந்திரா, ஜீவன் பீமா நகர் ஆகிய பகுதிகளைத் தொட்டுக்கொண்டு, விமானபுரம் நோக்கி அது செல்கிறது. நம் காலனி மக்களில் அச்சாலையில் போய் வராதவர் அரியர். அலுவலகம் செல்வோரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோரும், காய்கறி வாங்கி வருவோரும் அதன் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். சுரஞ்சன் தாஸ் சாலை என்பது அதன் பெயர்.

சென்ற ஆண்டு ஒருநாள் பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்த என் இளைய மகள், பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, இந்தச் சுரஞ்சன் தாஸ் என்பவர் யார் என்று கேட்டாள். விடுதலைப் போராட்டத் தியாகியாக இருப்பார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரத்தின் உப்பைத் தின்றும், நாள்தோறும் நடக்கும் சாலைக்குரியவரை அறியாதிருந்தேனே என்ற வெட்கம் என்னை வாட்டியது. பின்னர் தேடிப் படித்து அறிந்துகொண்டவற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலர் வாயிலாக அன்பர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன். மகளுக்குச் சொன்ன பொய்க்கு இது ஒரு கழுவாயாகவும் அமையட்டும்.

சுரஞ்சன் தாஸ் வங்காளத்தைச் சேர்ந்தவர். 1920 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பிறந்தவர். அவருடைய தந்தையார் சுதி ரஞ்சன் தாஸ், சுதந்திர இந்தியாவின் ஐந்தாவது தலைமை நீதிபதியாக 1956 முதல் 1959 வரை வீற்றிருந்தவர். பின்னர் மகாகவி தாகூர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு வழக்கறிஞர் தொழிலின் கதவு பிறக்கும்போதே திறந்திருக்கும். ஆயினும் சுரஞ்சன் தாஸ் அந்தக் கதவின் பக்கம் செல்லவில்லை. அவர் நாட்டம் ஆகாயத்தின் மேல் சென்றது. இந்திய விமானப் படையில் சேர்ந்து விமானியானார். அதனோடும் அமையாமல், விமானிகளுள்ளும் மிகச் சிலரே துணியும் சோதனை விமானத் தொழிலை மேற்கொண்டார்.

சோதனை விமானி என்பவர் யார்? ஒரு புதிய விமானத்தைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டு, படம் வரைந்து, உலோகத்தை வெட்டி ஒட்டி உருவாக்குகிறார்கள். கணக்கெல்லாம் சரி என்று தாள் சொல்லும். ஆனால் அது பறக்குமா, பறந்தால் சொன்னபடி கேட்குமா, வேகம் கூடும்போது நடுங்குமா, வேகம் குறையும்போது கவிழுமா என்பவற்றையெல்லாம் தாள் முழுவதும் அறியாது. எவரேனும் ஒருவர் அதற்குள் அமர்ந்து, முதன்முதலாக அதை மேலே கொண்டுபோய், நிறைகுறைகளைக் கண்டு, உயிரோடு திரும்பி வந்து சொல்ல வேண்டும். குறை இருந்தால் அதைத் திருத்தி, மறுபடியும் ஏற வேண்டும். பின்னர் அவ்விமானத்தைச் செலுத்தப் போகும் நூற்றுக்கணக்கான இளைஞர்களின் உயிருக்கு அவரே முன்னோடிப் பிணையாகிறார். ரயில்வேயில் புதுப் பாலம் ஒன்றைக் கட்டினால், பயணிகள் வண்டியை விடுமுன் எஞ்சின்களை ஓட்டிப் பாலத்தைச் சோதிப்பது உண்டு. சோதனை விமானியின் தொழிலும் அது போன்றதே. அங்கோ பாலமும் புதிது, எஞ்சினும் புதிது, கீழே தண்டவாளமும் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இத்தொழில் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை விமானங்கள் சுழலும் விசிறியால் இழுக்கப்பட்டு வந்தன. போரின் இறுதியில் ஜெட் எஞ்சின் வந்தது. வேகம் திடீரென்று ஏறியது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது அறிஞர்களுக்கே தெளிவாகத் தெரியாத காலம் அது. அறியாமைக்குரிய விலையை விமானிகளே கொடுத்தார்கள்.

சோவியத் நாட்டில் 1946 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள் இரண்டு ஜெட் விமானங்கள் முதன்முதலாகப் பறந்தன. ஒன்று மிக்-9, மற்றொன்று யாக்-15. எது முதலில் பறப்பது என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். மிக் வகுப்பாருக்கு வெற்றி கிடைத்தது. அலெக்ஸி கிரிஞ்சிக் என்னும் சோதனை விமானி முதலில் மேலே எழுந்து அந்நாட்டு வரலாற்றில் இடம் பெற்றார். அந்தப் பெருமையை அனுபவிக்க அவருக்கு மூன்று திங்களும் வாய்க்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 11 ஆம் நாள், உயர் அதிகாரிகள் கண்முன் அவ்விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டியபோது, இறக்கையை ஒட்டிய மூடுதகடு ஒன்று கழன்று வால்பகுதியை அடித்தது. விமானம் விழுந்து கிரிஞ்சிக் மாண்டார். எஞ்சின் பழுதாகவில்லை, விமானி தவறவில்லை. ஒரு தகடு கழன்றது, அவ்வளவுதான்.

நம் நாட்டு மண்ணிலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. 1953 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட காமெட் என்னும் ஆங்கிலேய ஜெட் பயணி விமானம் சில நிமிடங்களுக்குள் வானிலேயே சிதறியது. அதில் இருந்த 43 பேரும் இறந்தனர். அன்று வீசிய புயலின் மேல் பழி விழுந்தது. அடுத்த ஆண்டு மத்தியதரைக் கடலின் மேல் அதே வகை விமானங்கள் இரண்டு அடுத்தடுத்துச் சிதறி விழுந்த பின்னரே, முழு விமானத்தின் உடலையும் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். மீண்டும் மீண்டும் அழுத்தம் பட்டால் உலோகமும் மனிதனைப் போலக் களைத்து விரிசல் விடும் என்பது அப்பொழுதுதான் வெட்டவெளிச்சமாயிற்று. புயலின் மேல் பழியைப் போட்டு உலகம் அமைதி கொண்டிருந்தால், இன்னும் எத்தனை காமெட்டுகள் விழுந்திருக்குமோ!

சுரஞ்சன் தாஸ் இத்தகைய காலத்தில் சோதனை விமானியானவர். இங்கிலாந்தில் 1943 இல் தொடங்கப்பட்ட பேரரசுச் சோதனை விமானிகள் பள்ளியில் பயிற்சி பெற்ற முதற் சில இந்தியருள் அவரும் ஒருவர். சோதனைப் பறப்பு என்பது வெறுந் துணிச்சலன்று, அது ஒரு கல்வி என்பதே அப்பள்ளியின் அடிப்படை. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னே திட்டம் வகுத்து, எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எதைச் சோதிப்பது என்று எழுதி வைத்து, இறங்கியபின் கண்டதைக் கண்டவாறு எழுதித் தருவதே அக்கல்வியின் சாரம்.

அவர் அக்கல்வியைப் பயன்படுத்த வாய்த்த இடம் நம் பெங்களூர். இங்கே 1940 ஆம் ஆண்டு டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியால், மைசூர் அரசின் ஆதரவோடு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. போருக்குப் பின் ஆங்கிலேயர் கான்பூரில் சிதைத்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்களைப் பழுதுபார்க்கும் பணி அதற்குக் கிடைத்தது. ஏறத்தாழ 40 விமானங்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு நிமிர்த்தி, பெங்களூர் வரை பறக்கச் செய்து கொண்டுவந்தார் ஜிம்மி முன்ஷி என்னும் விமானி. 1951 ஆம் ஆண்டு ஆகஸ்டில், டாக்டர் காட்கே வடிவமைத்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை முதலில் பறக்கச் செய்தவரும் அவரே. இத்தகைய மரபில் வந்து சேர்ந்தவர் சுரஞ்சன் தாஸ்.

1956 இல் ஜெர்மானியப் பேரறிஞர் குர்ட் டாங்க், தம் குழுவினரோடு பெங்களூருக்கு வந்தார். ஒலியின் வேகத்தைக் கடக்கும் போர் விமானம் ஒன்றை இந்தியாவிலேயே வடிவமைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. டாங்க் இதற்குமுன் அர்ஜென்டினா நாட்டில் ஒரு ஜெட் விமானத்தை உருவாக்கியவர். அங்கே 1951 இலும் 1952 இலும் இரண்டு விமானிகள் அவ்விமானத்தில் உயிரிழந்தனர். முதல் விபத்தின் காரணம் இறக்கையில் நேர்ந்த பற்றவைப்புக் குறை என்று தெரிந்தது. பற்றவைப்பவர் கைத்தவறு ஒன்று பல்லாயிரம் அடி உயரத்தில் ஒருவர் உயிரைக் குடிக்கும் என்பதை டாங்க் கண்ணாரக் கண்டவர்.

ஆதலின் இங்கே அவசரப்படவில்லை. முதலில் அதே அளவில், அதே வடிவில், மரத்தால் ஆகிய கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு எஞ்சின் கிடையாது. டக்கோட்டா விமானம் அதைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே சென்று விட்டுவிடும். அது மிதந்து இறங்கும். 1959 இல் தொடங்கிய இச்சோதனையில் 78 முறை அக்கிளைடர் பறந்தது. குறைந்த வேகத்தில் விமானம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை, விலையுயர்ந்த எஞ்சினைப் பணயம் வைக்காமல் அறிந்துகொண்டார்கள்.

அதன் பின்னரே அந்த நாள் வந்தது. 1961 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள், எச்.எப்.-24 என்னும் எண்ணும் மாருத் என்னும் பெயரும் கொண்ட அவ்விமானத்தில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் ஏறி அமர்ந்தார். பெங்களூர் விமானத்தளத்தின் ஓடுபாதையில் ஓடி, மேலே எழுந்து, பறந்து, பழுதின்றி இறங்கினார். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானத்தைப் பறக்கச் செய்த பெருமை அவரைச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் அது பறந்து காட்டப்பட்டது. காற்றுத் தேவனின் பெயரைத் தாங்கிய அவ்விமானம் விண்ணில் எழுந்தபோது, தம் கையால் ஆணி அறைந்த தொழிலாளர்களின் நெஞ்சம் எவ்வாறு விம்மியிருக்கும்! அத்தொழிற்சாலையில் உழைத்தோருள் நம் தமிழரும் பலர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

மூன்றாண்டுகள் கழித்து, 1964 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 ஆம் நாள், கிரண் என்னும் ஜெட் பயிற்சி விமானத்தையும் முதன்முதலாகப் பறக்கச் செய்தவர் சுரஞ்சன் தாஸ் அவர்களே. அவர் முதலில் அமர்ந்து சரிபார்த்துக் கொடுத்த அந்த வகை விமானத்தில் ஒரு தலைமுறை இளைஞர்கள் பறக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மாருத் விமானத்துக்கோ ஒரு பெருங்குறை இருந்தது. உடல் நன்று, மூச்சுப் போதாது. 8,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை தரக்கூடிய ஓர் எஞ்சினை மனத்திற்கொண்டு டாங்க் அதை வடிவமைத்தார். இங்கிலாந்து அவ்வெஞ்சினை உருவாக்கும் முயற்சியைக் கைவிட்டது. கிடைத்ததோ 4,850 பவுண்டு உந்துவிசை தரும் ஆர்பியஸ் எஞ்சின். இரண்டு பொருத்தியும், நேர்ப்பறப்பில் ஒலியின் வேகத்தைக் கடக்க இயலவில்லை. சோவியத் எஞ்சினைச் சோதித்தார்கள். அது ஒத்து வரவில்லை. எகிப்து நாட்டு எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள்; அத்திட்டமும் நடுவில் நின்றது. பிறர் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த பின், இருக்கும் எஞ்சினுக்கே வலிமை கூட்டுவது என்று பெங்களூரிலுள்ள எஞ்சின் ஆராய்ச்சி நிலையத்தார் முனைந்தார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் மேலும் எரிபொருளைத் தெளித்து எரித்து உந்துவிசையைக் கூட்டும் ரீஹீட் என்னும் அமைப்பை உருவாக்கினார்கள். அவ்வமைப்போடு கூடிய மாருத் விமானத்தைச் சோதிக்கும் பொறுப்பும் சுரஞ்சன் தாஸ் அவர்களையே சார்ந்தது.

அப்போது அவர் குரூப் கேப்டன் பதவியில் இருந்தார். வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடும் உயர்ந்த உத்தியோகத்தை விரும்பியிருந்தால், அது அவருக்கு அரிதாக இருந்திராது. அவரோ விமானத்தை விட்டு இறங்கவில்லை.

1970 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள், சனிக்கிழமை. பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. ரீஹீட் பொருத்திய மாருத் விமானத்தில் அவர் பெங்களூர்த் தளத்திலிருந்து கிளம்பினார். தரையை விட்டு எழுந்த சிறிது நேரத்துக்குள் விமானம் விழுந்து நொறுங்கியது. சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி சரிவரப் பூட்டிக்கொள்ளவில்லை என்பதே அவ்விபத்துக்குக் கூறப்பட்ட காரணம்.

அன்பர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். கண்டங்களைக் கடந்து தேடிய எஞ்சின் அவரைக் கொல்லவில்லை. ஒலியின் வேகம் கொல்லவில்லை. ஒரு மூடியின் பூட்டு! வீட்டில் அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் நாம் பொருட்படுத்துவதில்லை. விமானம் எழும் நேரமோ விமானிக்கு மிக நெருக்கடியான நேரம். உயரம் இல்லை, வேகம் போதாது, தவறைத் திருத்திக்கொள்ள நொடிகளும் இல்லை. அந்நேரத்தில் மூடி திறந்துகொண்டால் இடைபுகும் காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். விமானியின் கண்ணையும் செவியையும் கவனத்தையும் கலைக்கும். நிலம் அருகிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

கிரிஞ்சிக்குக்கு ஒரு தகடு, அர்ஜென்டினா விமானிக்கு ஒரு பற்றவைப்பு, சுரஞ்சன் தாஸுக்கு ஒரு பூட்டு. பெரிய மனிதர்களைச் சிறிய பொருள்கள் வீழ்த்தின. இதைக் கண்டு விதி என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது எளிது. என் போன்றோர் பழக்கமும் அதுவே. ஆனால் விதி என்று சொல்லிய கணமே விசாரணை நின்றுவிடுகிறது. அடுத்தவன் உயிருக்கு ஆபத்துத் தொடர்கிறது. ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வேப் பாதுகாப்பு ஆணையம், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பதைப் பலர் அறியார். தன் தவற்றைத் தானே விசாரித்தால் உண்மை முழுதும் வெளிவராது என்பதே அதன் கருத்து. எங்கள் அலுவலகத்தில் உள்ள விதிப்புத்தகத்தை வெறும் தாள் என்று இளமையில் எண்ணியிருந்தேன். அதிலுள்ள பற்பல விதிகள் யாரோ ஒருவர் விபத்தில் மாண்ட பின் எழுதப்பட்டவை என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

நானும் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு வேகன் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். ஒருவருடைய சரக்கு வேறெங்கோ போய்ச் சேர்ந்து, திரும்பி வரப் பல நாட்களாயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும், ஓர் இலக்கந்தானே என்று அன்று நான் சொன்ன சமாதானத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. பூட்டுந்தானே, தகடுந்தானே என்பவையும் அதே இனத்தைச் சேர்ந்த சொற்கள் அல்லவா!

சுரஞ்சன் தாஸ் மறைந்தபின், 1970 ஆம் ஆண்டுக்குரிய பத்ம பூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது. முதிய தந்தையார் அப்போது உயிரோடு இருந்தார். நாட்டின் தலைமை நீதிபதியாக எத்தனையோ வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர், மகனை இழந்தபின் மேலும் ஏழாண்டுகள் வாழ்ந்தார். அந்த ஏழாண்டுகள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தாமே உணர்ந்துகொள்வார்கள்.

அவர் பறக்கச் செய்த மாருத், மறைவுக்கு அடுத்த ஆண்டு நடந்த 1971 டிசம்பர்ப் போரில் இராஜஸ்தானப் பாலைவனத்து எல்லையில் களம் கண்டு நாட்டுக்கு உதவியது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. வேகக் குறை இறுதிவரை நீங்கவில்லை என்றாலும், வடிவமைப்பது முதல் பறக்கச் செய்வது வரை நம்மால் இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. 2001 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் தேஜஸ் விமானம் அதே பெங்களூர்த் தளத்திலிருந்து முதன்முறை எழுந்தது. இந்திய விமானப் படையின் சோதனை விமானிகள் பள்ளியில் சிறந்த மாணவருக்கு அளிக்கும் கோப்பை, சுரஞ்சன் தாஸ் பெயரையே தாங்கியிருக்கிறது.

சோதனைக்குரிய விலை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2009 ஆம் ஆண்டு மார்ச்சில், சாரஸ் என்னும் சிறு பயணி விமானம் சோதனையின்போது பிடதி அருகே விழுந்து மூவர் மாண்டனர். வானில் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்குவதற்கு வகுத்துக்கொடுத்த முறையிலேயே பிழை இருந்ததென்று விசாரணை கண்டது. காரணம் அன்றும் சிறிது; இன்றும் சிறிது. அதைத் தேடிக் கண்டு எழுதி வைப்பதே மாண்டவர்க்கு நாம் செய்யும் உண்மையான நீர்க்கடன்.

கஸ்தூரிபா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்கே நிறுத்தி வைத்திருக்கும் மாருத் விமானத்தின் அருகே சற்று நின்று, அந்தக் கண்ணாடி மூடியைச் சுட்டிக்காட்டி இக்கதையைச் சொல்ல வேண்டுகிறேன். நம் காலனிப் பிள்ளைகளில் எவரேனும் நாளை பொறியாளராகலாம், பற்றவைப்பவராகலாம், என்னைப் போல எண்களை எழுதும் குமாஸ்தாவும் ஆகலாம். எத்தொழிலாயினும், தம் கையிலுள்ள சிறு பொருளின் மறுமுனையில் முகந்தெரியாத ஒருவரின் உயிர் தொங்குகிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

என் மகளிடம் நான் முன்பு சொன்ன விடையைத் திருத்திக்கொண்டேன். அவர் தியாகிதான் என்று நான் சொன்னது முற்றிலும் பொய்யன்று. எத்தகைய தியாகி என்பதைத்தான் அன்று நான் அறிந்திருக்கவில்லை. இப்பொழுது அச்சாலை வரும்போதெல்லாம் அவளே முந்திக்கொண்டு அப்பெயரைப் படிக்கிறாள்.